மலை விழுந்த பிறகு பாடியவை

எங்கள் இசைக்குழுவில் நாங்கள் நான்கு பேர். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில் ஒரு ஹாட்வெயார் கடை. அதன் மேல்மாடியில், பெயின்ட் வாளிகளும் பீவீசீ குழாய்களும் அடுக்கியிருந்த அறையில்தான் பயிற்சி செய்வோம். கடை எங்கள் ட்ரம்ஸ்காரனின் வாப்பாவுடையது. பாடகன் புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடொன்றில் பிறந்தவன். கண்டியில் போட்டோகொப்பிக் கடையொன்றில் வேலை பார்த்தான். கிட்டார்காரன் யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைக்குப் பொறியியல் படிக்க வந்தவன். படிப்பு முடிந்த பிறகும் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டான். நான் பேஸ் கிட்டார். பாட்டுகளுக்கு வரிகளும் நான்தான் எழுதினேன். மற்றபடி நகரத்தில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. குழுவில் ஒரே பெண் பிள்ளை நான் என்பதால் போஸ்டரில் என் படம் வரக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு நிபந்தனையோடு விட்டுவிட்டார்கள்.

எங்கள் பாட்டுகள் எல்லாமே இருட்டானவை. பெட்ரோல் வரிசையில் நின்றபடியே செத்துப்போன ஒருவரைப் பற்றி ஒன்று. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போன பிறகு வீட்டில் எரியும் ஒற்றைப் பல்பைப் பற்றி ஒன்று. நாடே வரிசையில் நின்ற காலத்தில் தொடங்கிய குழு அது, வேறு எதைப் பாடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. நம்பிக்கை தருகிற மாதிரி ஒன்று பாடக்கூடாதா என்று ஒரு விரிவுரையாளர் கேட்டபோது நாங்கள் நான்கு பேரும் வெளியே வந்து விழுந்து விழுந்து சிரித்தோம்.

எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டு ஒன்று உண்டு. அதன் பல்லவி இதுதான்:

விழு மலையே விழு,
எங்களை மூடு,
எங்கள் பெயரை மூடு.

எழுதியவள் நான். புசல்லாவையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் வரும்போது மனதில் வந்த வரி. மலைமேல் முகில் இறங்கிக் கிடந்தது, பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று எனக்குப் பெரிய துக்கம் எதுவும் இருக்கவில்லை. இதை இப்போது சொல்லத்தான் வேண்டும். வரி நன்றாக இருந்தது, அதனால் எழுதினேன்.

பாடகன் அதை வாசித்துவிட்டு, "தங்கச்சி, இத எங்க அம்மா கேட்டுச்சுன்னா வெளக்கமாத்தத் தூக்கும்" என்றான். ஆனாலும் அவன் குரலில் அந்தப் பாட்டு எங்கேயோ போனது. "விழு" என்ற சொல்லை அவன் அடிவயிற்றிலிருந்து இழுத்து, உடைத்து, அப்படியே நிறுத்திவிடுவான். பேராதனையில் ஒரு தடவை முந்நூறு பிள்ளைகள் கையைத் தூக்கி அந்தச் சொல்லைத் திருப்பிக் கத்தினார்கள். எனக்குப் புல்லரித்தது. இறங்கி வரும்போது கிட்டார்காரன் என் தோளில் தட்டி, "நீ பெரிய ஆள்" என்றான். பல நாள் அந்த வார்த்தையை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பாடகனின் அம்மா அந்தப் பாட்டை ஒரு தடவை கேட்டிருக்கிறார். தீபாவளிக்குப் போனபோது அக்காவுக்குப் போனில் போட்டுக் காட்டியிருக்கிறான். அடுப்படியிலிருந்து வந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "நல்ல நாளும் அதுவுமா என்னாடா பாட்டு இது? மலைக்குக் கீழ குடியிருக்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். இதையும் அவன் சிரித்துக்கொண்டுதான் எங்களிடம் சொன்னான்.

அதே வருடம் கார்த்திகையில் மழை நிற்கவே இல்லை. சனிக்கிழமை ஒரு நிகழ்ச்சி இருந்ததால் வியாழக்கிழமை பயிற்சிக்குக் கூடினோம். காலையில் பாடகனின் அக்கா போன் எடுத்திருந்தாள். மழையால் கொழுந்து பறிக்கப் போகவில்லை, லயத்தின் பின் சுவரில் தண்ணீர் கசிகிறது, சேறாக வருகிறது, பாதை சரியில்லை, நீ வந்துவிடாதே என்று சொல்லியிருக்கிறாள். அவன் போகத்தான் நினைத்தான். பஸ் பாதி வழியில் கம்பளையோடு திரும்பிவிடுகிறதாம் என்று பாமசிக்கு வந்த ஒருவர் சொன்னதை நான்தான் அவனிடம் சொன்னேன். "சனிக்கிழமை முடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றேன். அவன் சரி என்றான்.

மின்சாரம் இல்லை. கீழே கடையைப் பாதி கதவு போட்டுவிட்டார்கள். அம்ப்ளிஃபையர் இல்லாமல், வெறும் கிட்டாரோடு, ட்ரம்ஸுக்குப் பதில் ஒரு பெயின்ட் வாளியைத் தட்டி, பின்னேரம் வரைக்கும் பாடினோம். அந்தப் பாட்டையும் இரண்டு தடவை பாடினோம்.

அன்று பின்னேரம்தான் அவனுடைய தோட்டத்தில் மலை இறங்கியது. சரியாக எத்தனை மணிக்கு என்று பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். நான் யாரிடமும் கேட்டு உறுதிப்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை யாருக்கும் போன் வேலை செய்யவில்லை. சனிக்கிழமை காலை ட்ரம்ஸ்காரன் வந்து, "வாப்பாட வேன எடுத்துட்டு வந்தீக்கிறேன். ஏறுங்க. ஒண்டும் ஆகீக்காது" என்றான். வழியில் நான்கைந்து இடங்களில் பாதை இல்லை. மூன்றாவது இடத்தில் வேனை விட்டுவிட்டு நடந்தோம். மரங்கள் வேரோடு ரோட்டில் படுத்திருந்தன. எதிரே வந்தவர்களிடம் பாடகன் தன் தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டான். முதலில் இரண்டு பேர் தெரியாது என்றார்கள். மூன்றாவது ஆள் அவன் முகத்தைப் பார்த்தார், அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் கேட்கவில்லை. வேகமாக நடந்தான்.

பன்னிரண்டு வீட்டு லயம். அதில் ஏழு வீடு நின்றது. மீதி இருந்த இடத்தில் மலையிலிருந்து ஆற்றுவரைக்கும் சிவந்த மண், யாரோ துணி விரித்த மாதிரி. அவனுடைய அப்பா தேயிலை ஃபெக்டரி வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். வேறு யாருடையதோ சட்டை, தோளில் நிற்காமல் தொங்கியது. மகனைப் பார்த்ததும் எழும்பவில்லை.

"நான் ஃபெக்டரில இருந்தேன்" என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி. "கொழுந்து எடுக்காததால ரெண்டு பேரும் வீட்லதான் இருந்தாங்க."

அம்மாவை மறுநாள், ஞாயிறு விடியும்போது மண்ணிலிருந்து எடுத்தார்கள். அக்காவை எடுக்கவே இல்லை. இரண்டு வாரம் தேடினார்கள், பிறகு மண் தோண்டும் மெஷினைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள்.

தப்பியவர்களை ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். நான் பாமசியில் சேர்த்த மருந்துகளை எடுத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு நாள் அங்கே போவேன். மூன்றாவது தடவை போனபோது நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

மண்டபத்தின் மூலையில் ஒரு பெண் பாயில் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பாடகனின் குரல் கேட்டது. அவன் என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறான். விழு மலையே விழு. யாரோ மேலிருந்து எடுத்த வீடியோவுக்கு எங்கள் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். சிவந்த மண், உடைந்த தகரங்கள், அதன்மேல் அவன் குரல். அவன் அந்தப் பெண்ணிடம் போய்க் குனிந்து, "அக்கா, அதக் கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை. "ஏன் தம்பி? நம்ம தோட்டத்தத்தான் காட்டுறாங்க" என்றாள்.

அவன் வெளியே போய்விட்டான். நான் பின்னாலேயே போனேன். பாடசாலையின் தண்ணீர்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினான். திரும்பத் திரும்பக் கழுவினான்.

"எழுதினது நான்தானே அண்ணே" என்றேன்.

"எழுதினது நீ. கேட்டது என் கொரல்" என்றான். "ஊரையே சேத்துக்கிட்டுக் கத்திக் கத்திக் கேட்டேன். குடுத்துருச்சு."

அப்படி இல்லை என்று சொல்லப் போனேன். மலைக்குக் காது இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன?

அன்றே எங்கள் முகநூல் பக்கத்திலிருந்து அந்தப் பாட்டை எடுத்துவிட்டோம். அதனால் ஒன்றும் ஆகவில்லை. பத்துப் பேர் எடுத்து வைத்திருந்தார்கள், வேறு மலைகள் விழுந்த வீடியோக்களுக்கும் போட்டார்கள். என் வாழ்நாளில் நான் எழுதியதை அதிகம் பேர் கேட்டது அந்த வாரங்களில்தான். பாமசியில் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது, வெளியே நிற்கும் ஓட்டோவிலிருந்து ஒரு தடவை கேட்டது. கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே போட்டுவிட்டேன்.

மூன்று மாதம் பயிற்சி இல்லை. பிறகு ஒரு ஞாயிறு அவன் தானாகவே வந்தான். மெலிந்து போயிருந்தான். அப்பாவைத் தோட்டத்தின் இன்னொரு பிரிவில் தற்காலிகமாக ஒரு அறையில் குடியேற்றிவிட்டு வந்ததாகச் சொன்னான். கிட்டாரை எடுத்து, "ஒண்ணு வச்சிருக்கேன், கேளுங்க" என்றான்.

அது பாட்டு மாதிரியே இல்லை. நாளைக்கு உலை வைப்போம், நாளைக்குத் துணி காயப் போடுவோம், நாளைக்குக் கொடத்தக் கழுவி வைப்போம். இப்படியே வேலைகளாகப் போனது. மெட்டும் நாலு சுரத்துக்கு மேல் போகவில்லை. பாடசாலை மண்டப முகாமில் இருந்தபோது வந்தது என்றான். பகலில் மழை தொடங்கினாலே மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேரும் எழும்பி வாசலுக்குப் போய் எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். மழை விடும்வரை யாரும் உட்கார மாட்டார்கள். அவன் அப்பா உட்காரவே மாட்டார். ஒருநாள் சும்மா பெஞ்சைத் தட்டிக்கொண்டு அடுத்த நாள் செய்ய வேண்டியதையெல்லாம் ராகம் போட்டுச் சொன்னானாம். ஒரு அக்கா, "வெறகு பொறுக்கணும், அதச் சொல்லல" என்றாளாம். இன்னொருத்தி வேறொன்றைச் சேர்த்தாளாம். அப்படியே கொஞ்சப் பேர் உட்கார்ந்துவிட்டார்களாம்.

ட்ரம்ஸ்காரன் வாளியை இழுத்து மெதுவாகத் தட்டத் தொடங்கினான். கிட்டார்காரன் தன் கிட்டாரை எடுக்கவில்லை.

"மச்சான், நான் ஒண்டு சொல்லட்டே? கோவிக்காத" என்றான். "சண்டை முடிஞ்ச நேரம் நாங்க முகாமில இருக்கேக்க எனக்கு ஒன்பது வயசு. வெளியில இருந்து ஆக்கள் வந்து எங்கள வரிசையா இருத்தி நம்பிக்கைப் பாட்டு சொல்லித் தந்தவை. கைதட்டிப் பாடினனாங்கள். பாடி முடிய அவை வாகனத்தில ஏறிப் போட்டினம். நாங்க கம்பிக்கு உள்ளதான் நிண்டனாங்கள். அண்டைக்கே எனக்கு உது வெறுத்துப் போச்சு."

அவன் முகாமில் இருந்தவன் என்பது இத்தனை வருடப் பழக்கத்தில் அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

பாடகன் யோசித்துவிட்டு, "நான் வெளிய இருந்து வந்து பாடலயே மச்சான்" என்றான். "உள்ள இருந்துதான் பாடினேன். இதால எதுவும் மாறும்னு சொல்லல. மழை விடுற வரைக்கும் ஒக்காந்து இருக்கலாம். அவ்வளவுதான்."

"ஓம். உனக்கு அது சரி" என்றான் கிட்டார்காரன். "எனக்குக் கை வருகுதில்லை." அதற்குப் பிறகு நான்கு ஞாயிறு வந்தான். வாசித்தான். அவன் வாசித்தது சரியாகவே இருந்தது, ஆனால் யாரோ சொல்லி வாசிப்பது போல இருந்தது. ஐந்தாவது ஞாயிறு வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. இப்போது கட்டார் நாட்டில் வேலை. நோன்புப் பெருநாளுக்கு ட்ரம்ஸ்காரனுக்கும் பொங்கலுக்கு எங்களுக்கும் செய்தி அனுப்புவான். எங்கள் பாட்டுகளைப் பற்றி எதுவும் எழுத மாட்டான்.

எனக்கும் கை வரவில்லைதான். இருட்டாக எழுதுவது எனக்கு எளிது, ஒரு பஸ் பயணத்தில் முடித்துவிடுவேன். இதற்கு வாரக்கணக்காக உட்கார்ந்தேன். விடியல், ஒளி, சிறகு என்று ஏதேதோ எழுதிக் கொண்டுபோனேன். எழுதும்போதே நான் அதை நம்பவில்லை. பாடகன் தாளை வாங்கி வாசித்துவிட்டுப் பேனாவால் ஒரு வரியை வெட்டினான்.

"விடியும்னு எழுதாத தங்கச்சி. விடிஞ்சப்பதான் அம்மாவ எடுத்தாங்க."

எனக்கு முகம் சுட்டது. அன்றைக்குப் பிறகு அந்த மாதிரிச் சொற்கள் எதையும் நான் தொடுவதில்லை. பாமசிக்கு வருகிறவர்கள் சொல்வதைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒரு அம்மா தன் புருஷனுக்கு மருந்து வாங்க வந்து, "இது முடியிறப்போ திரும்ப வருவேன், எடுத்து வைங்க" என்றார். அவருடைய புருஷனுக்கு என்ன நோய், எத்தனை நாள் என்று மருந்துச் சிட்டையைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் எடுத்து வைக்கச் சொல்கிறார். அதை அப்படியே பாட்டாக்கினேன். பாடகன் எதையும் வெட்டவில்லை.

வைகாசியில் பேராதனையில் பாட அழைத்தார்கள். நாங்கள் மூன்று பேர்தான். மேடை ஏறியதுமே பின்னாலிருந்து, "விழு! விழு!" என்று கத்தத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குத் தெரியாது, நாங்களும் யாரிடமும் சொன்னதில்லை. சத்தம் கூடிக்கொண்டே போனது. பாடகன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். அவன் மயங்கி விழுந்துவிடுவானோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. ட்ரம்ஸ்காரன் எழும்பி அவன் பின்னால் வந்து முதுகில் கையை வைத்து, "ஏலாட்டி எறங்குவம். நான் சொல்லிக்கிறேன்" என்றான்.

அவன் தலையை ஆட்டிவிட்டு மைக்கில், "அந்தப் பாட்டு இனி இல்ல" என்றான்.

"ஏன்?" என்று ஒருவன் கத்தினான். சிரிப்புச் சத்தம்.

அவன் உலை வைக்கும் பாட்டைத் தொடங்கினான். பாதியில் கதிரைகள் காலியாகத் தொடங்கின. இரண்டாவது பாட்டில் முன்வரிசையில் பத்து இருபது பேர்தான். மறுநாள் எங்கள் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: குழு செத்துவிட்டது, ஏதோ நிறுவனத்தின் விளம்பரத்துக்குப் பாடுகிறார்கள் போல. அதற்குக் கீழே நிறையப் பேர் சிரிப்பு அடையாளம் போட்டிருந்தார்கள். நடந்ததை எழுதிப் பதில் சொல்லட்டுமா என்று கேட்டேன். "எங்கம்மாவ வச்சா பாட்டுக்கு ஆள் சேக்கணும்?" என்று கேட்டான். போனை மூடி வைத்தேன்.

வத்தேகமவில் ஒரு மண்டபத்தில், வீடிழந்த தோட்டக் குடும்பங்களுக்கான ஒரு கூட்டத்தில், பேச்சுகளுக்கு நடுவே எங்களைப் பாடச் சொன்னார்கள். அவன் அப்பாவும் வந்திருந்தார். மேடைக்குக் கீழே பக்கவாட்டில், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உலை வைக்கும் பாட்டைப் பாடி முடித்துச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கும்போது என்னிடம் வந்தார்.

"நீதான எழுதுறது?"

"இது அண்ணன் போட்டது மாமா. நான் கொஞ்சம்தான்."

"பாட்டுல எல்லா வேலையும் வருது" என்றார். "மக வேல வரல. அது ஞாயித்துக்கெழம எனக்கு சேவ் பண்ணிவிடும். என் கை நடுங்கும்ல. அத யாரும் பாக்கல போல."

அவர் தாடி அன்று பல நாள் வளர்ந்திருந்தது. வேனில் திரும்பும்போது அதைப் பாடகனிடம் சொன்னேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும், "அத நீ எழுதாத" என்றான்.

இப்போது ஆறு பாட்டுகள் இருக்கின்றன. இரண்டு நன்றாக வந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒன்று மோசம், அதை இனிப் பாடப்போவதில்லை. முன்பு கேட்டவர்களில் பாதிப் பேர்கூட இப்போது கேட்பதில்லை. எங்கள் பாட்டுகள் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன என்று ஒரு நண்பி சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பாட்டு முடியும்போது அடுத்த நாள் ஒன்று இருக்கிறது என்கிற அளவுக்கு வந்திருக்கிறோம். சில ஞாயிறுகளில் அதுவும் வராது. அந்த நாட்களில் அவன் குழாய்க் கட்டின்மேல் உட்கார்ந்தபடியே இருப்பான். ட்ரம்ஸ்காரன் கீழே போய் மூன்று பேருக்கும் பிளேன்டீ வாங்கி வருவான், குடித்துவிட்டுப் போய்விடுவோம்.

ஞாயிறுகளில் இப்போது அவன் தாமதமாகத்தான் வருகிறான். முதல் பஸ்ஸில் புசல்லாவைக்குப் போய் அப்பாவுக்குச் சேவ் பண்ணிவிட்டு வருகிறானாம். அக்காவைப் பற்றி ஒரு பாட்டு எழுதிக்கொண்டிருப்பதாகவும் ட்ரம்ஸ்காரன் சொன்னான். வரிகளை அவனே எழுதுகிறானாம். என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.